சிறுவாடும் செட்டும்

பொருளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அரசர்தம் கருவூலத்தையும் வணிகர்தம் பண்டசாலையையும் ஆராய்ந்து எழுதினரேயன்றி, அடுக்களையில் அரிசிப் பானையின் அடியிற் கிடந்த காசினை எவரும் பொருட்படுத்தி எழுதினாரல்லர். ஆயினும் நம் பகுதியிற் பள்ளிக்கூடம் எழுந்ததும், பெண்மக்கள் மணவறை ஏறியதும், பிள்ளைகள் கல்லூரி புகுந்ததும் பெரும்பாலும் அக்காசினாலேதான். அதற்கு நம் பெண்டிர் வழங்கும் பெயர் சிறுவாடு என்பது. வீட்டுச் செலவுக்கென்று கையில் வந்ததில், ஒருவரும் அறியாமல் சிறிது சிறிதாக மிச்சம் பிடித்துப் பெண்கள் சேர்த்து வைக்கும் பொருள் அது. அதன் வரலாற்றைச் சங்கத்து அன்பர்கள்முன் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அமைந்த ஊர்கள். முன்னர்த் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்திருந்து, 1910-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டத்தோடு இணைக்கப்பெற்று, 1985-இல் அம்மாவட்டம் பிரிந்தபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் பாற்பட்டன. முன்னது ஆண்டாள் என்னும் பெண்ணொருத்தியின் பெயரால் உலகறிந்த ஊர். பின்னது 1936-இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் நிறுவிய நூற்பாலையால் தொழிற்சிறப்பு எய்திய ஊர். கோயிலாலும் ஆலையாலும் புகழ்பெற்ற இவ்விரண்டு ஊர்களிலும் குடும்பங்களைக் காத்துநின்ற பொருள், கண்மாய்ப் பாசன வேளாண்மையாலும் தறியாலும் கூலியாலும் வந்த சிறு வருவாயே. மழை பொய்த்தால் வயலும், நூல்விலை ஏறினால் தறியும் ஒருசேரக் கைவிடும். 1876-ஆம் ஆண்டு தாது வருடத்தில் தொடங்கிய பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானவர்களை உயிர்பலி கொண்டது. அதன் நினைவு எத்தனையோ தலைமுறை கழிந்தும் நம் பாட்டிமார் வாயில் "தாது வருசத்துப் பஞ்சம்" என்று நிலைத்திருந்தது. அத்தகைய நிலத்தில் செட்டு என்பது விரும்பி மேற்கொண்ட நோன்பன்று. உயிர் தாங்கும் வழியேயாம்.

இல்லத்துப் பழைய முறைகள்

வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில், பொருள் வரும் வழி சிறிதாயினும் கேடில்லை, போகும் வழி அகலாதிருந்தாற் போதும் என்னும் கருத்தை வைத்துப் போந்தார். நம் வீட்டு முதுபெண்டிர் அந்நூலைக் கற்றவர் அல்லரேனும், போகும் வழியை அடைக்கும் கலையிற் கைதேர்ந்தவர்கள். அவர்தம் முறைகளிற் சிலவற்றை நினைவுகூர்வோம்.

முதலாவது, காலம் அறிந்து வாங்குதல். மாசி பங்குனியிற் புதுப்புளி வரும்போது ஆண்டு முழுமைக்கும் வாங்கிக் கொட்டை நீக்கி, உப்புச் சேர்த்துப் பானையில் அமுக்கி வைப்பர். மிளகாய் வற்றலையும் பருப்பையும் அவ்வவை களத்துக்கு வரும் காலத்தே வாங்கி, வெயிலில் நன்கு உலர்த்திப் பத்திரப்படுத்துவர். விலை ஏறும் மாதங்களில் கடைப்படி ஏறாதிருத்தலே இதன் பயன்.

இரண்டாவது, அளந்து சமைத்தல். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. ஆழாக்கு, உழக்கு, நாழி என்னும் அளவுகள் அடுக்களையில் அலங்காரத்துக்காக இருந்தன அல்ல. உண்போர் தலையை எண்ணியே உலைக்கு அரிசி அளந்தனர். மீந்த சோறு நீரூற்றப்பெற்று மறுநாட் காலைப் பழையதாயிற்று. அரிசி களைந்த கழுநீர் மாட்டுத் தொட்டிக்குச் சென்றது. மாட்டுச் சாணம் வறட்டியாகி அடுப்புக்கு வந்தது. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கவும், விதை காக்கவும் பயன்பட்டது. ஒன்று மற்றொன்றுக்கு உணவாகும் இவ்வட்டத்திற் குப்பை என்று எறியத்தக்கது மிகச் சிறிதே.

மூன்றாவது, மிகுதியைக் கெடாத பண்டமாக்குதல். கத்தரிக்காயும் கொத்தவரையும் மலிந்தால் வற்றல்; வெயில் மிகுந்தால் வடகம்; பால் மீந்தால் தயிரும் நெய்யும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்று நாடறிந்த பண்டமாயிற்று. அதன் அடிப்படையும் இதுவே. ஒரு நாளில் திரியும் பாலைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்தால், அது சில நாள் தாங்கும், விலையும் கூடும்.

நான்காவது, ஒரு பொருளைப் பலமுறை பயன்கொள்ளுதல். சேலை கிழிந்தால் தாவணி, பின்னர்த் தொட்டில், அதன்பின் அடுப்படித் துணி, இறுதியில் விளக்குத் திரி. இங்ஙனம் ஒரு நூற்சேலை பத்தாண்டு உழைத்தது. தேங்காய்ச் சிரட்டை அகப்பையாயிற்று, பனையோலை பெட்டியாயிற்று.

இவையெல்லாம் செலவைக் குறைக்கும் வழிகள். குறைத்ததைச் சேர்க்கும் வழி வேறொன்று உண்டு. அதுவே பிடியரிசி.

பிடியரிசியின் பெருமை

உலையில் இடுதற்கு அளந்த அரிசியில் ஒரு பிடியை மீள எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவது பிடியரிசி. உண்ட பின் எஞ்சியதைச் சேர்ப்பதன்று. உண்ணுமுன்பே எடுத்து வைப்பது. சேமிப்பின் உயிர்நிலை இவ்வொரு வேறுபாட்டில் அடங்கியிருக்கின்றது. செலவு போக மிஞ்சினாற் சேர்ப்போம் என்பவன் வீட்டில் ஒருநாளும் மிஞ்சுவதில்லை. சேர்த்தது போகச் செலவிடுவோம் என்பவள் வீட்டில் கலயம் நிறையும்.

இதன் ஆற்றலை நம் மாவட்டம் கண்கூடாகக் கண்டது. அன்று விருதுபட்டி என வழங்கிய விருதுநகரில், நாடார் சமூகத்துப் பெருமக்கள் 1889-ஆம் ஆண்டில் க்ஷத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளியை நிறுவினர். வணிகர்கள் தத்தம் வியாபாரத்திற் கொடுத்த மகமை ஒருபுறம் அதனைத் தாங்கிற்று. மறுபுறம் வீடுதோறும் பெண்கள் எடுத்து வைத்த பிடியரிசி தாங்கிற்று. 1903-இற் பிறந்த காமராசர் அப்பள்ளியிற் பயின்றவர் என்பதும், பிற்காலத்தில் முதலமைச்சராகி 1956-இற் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியவர் என்பதும் யாவரும் அறிந்தவை. பிடியரிசியால் நடந்த பள்ளியிற் படித்தவர் நாடெங்கும் பிள்ளைகளின் தட்டிற் சோறிட்டார் என்பது வரலாறு நமக்குக் காட்டும் ஓர் அழகிய தொடர்ச்சி.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. வடகிழக்கே மிசோரம் நாட்டில் கிறித்துவ சபைப் பெண்கள் 1910 முதல் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, 'புஃபாய் தாம்' என்னும் பெயரால் தங்கள் சபைப் பணிகளை நடத்தி வருகின்றனர். ஜப்பானில் ஹனி மோட்டோகோ என்னும் பெண் பத்திரிகையாளர் 1904-இல் 'ககேபோ' என்னும் குடும்பக் கணக்கேட்டை வெளியிட்டு, வீட்டுச் செலவை நாள்தோறும் எழுதும் வழக்கத்தைப் பரப்பினார். மிசோரப் பெண் கையால் அளந்தாள். ஜப்பானியப் பெண் எழுதுகோலால் அளந்தாள். எடுத்து வைக்கும் மனம் ஒன்றே.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பிடி அரிசி ஏறத்தாழ 50 கிராம் என்று கொண்டால், நாளொன்றுக்கு ஒரு பிடி ஓராண்டில் 18 கிலோவைக் கடக்கும். நூறு வீடுகள் சேர்ந்தால் 1,825 கிலோ. கிலோ 50 ரூபாய் என வைத்துக்கொண்டால் 91,250 ரூபாய். ஒருவர் வயிறும் குறையாமல், ஒருவர் கையையும் ஏந்தாமல் வருவது இத்தொகை.

கலயத்திலிருந்து கணக்கேட்டுக்கு

கலயத்திற் சேர்ந்த பொருளுக்குப் பாதுகாப்பான இடம் வேண்டுமன்றோ? ஆங்கில அரசு 1882 ஏப்ரலில் அஞ்சலகச் சேமிப்பு வங்கியை நாட்டிற் பரப்பிற்று. பிரடெரிக் நிக்கல்சன் என்பார் சென்னை மாகாணத்திற் கூட்டுறவுக் கடன் முறையைப்பற்றி ஆராய்ந்து எழுதிய அறிக்கையின் பின்னர், 1904-இற் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. வட்டிக்கடைக்காரரிடம் சிக்கியோர்க்கு அஃதொரு புகலிடமாயிற்று. இவற்றிற்கு அப்பாலும் தெருச் சீட்டு நம் பெண்களிடையே தழைத்தது. பத்துப்பேர் கூடி மாதந்தோறும் ஒருவருக்கு எடுத்துக் கொடுக்கும் அம்முறை, நம்பிக்கையையே முதலாகக் கொண்டது. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தமிழ்நாடெங்கும் பரவியமைக்கும், அவ்வழக்கம் முன்னமே வேரூன்றியிருந்தமை ஒரு காரணம் என்பது நம் கருத்து.

எனினும் இவ்வரலாற்றில் ஒரு குறை உள்ளது. அதனை மறைத்தல் முறையன்று. கலயத்தை நிறைத்தவள் பெண். கணக்கேட்டில் ஏறிய பெயரோ பெரும்பாலும் ஆணினுடையது. நம் சங்கத்தின் பழைய நன்கொடைப் பட்டியல்களைப் புரட்டிய அன்பர்கள் இதனை அறிவர். ஒரு வீட்டிலிருந்து வந்த தொகை தலைவர் பெயரால் அச்சேறும். அதனைச் சேர்த்தவர் பெயரைக் காண்பதரிது.

சட்டமும் நெடுங்காலம் இவ்வாறே நின்றது. மணமான பெண்ணின் சம்பாத்தியமும் சேமிப்பும் அவளுக்கே உரியன என்று 1874-ஆம் ஆண்டுச் சட்டமொன்று கூறிற்று. ஆனால் இந்து, முசுலிம், பௌத்த, சீக்கிய, சமண சமயத்துப் பெண்களுக்கு அது செல்லாதென விலக்கும் விதித்தது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பின்னரே, ஓர் இந்துப் பெண் தன் வசமுள்ள சொத்துக்கு முழு உரிமையுடையவள் என்பது தெளிவாயிற்று. 2023 ஜூன் மாதத்திற் சென்னை உயர்நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேற்சென்றது. இல்லத்தரசி வீட்டில் ஆற்றும் உழைப்பும் குடும்பச் சொத்துச் சேர்வதற்குப் பங்களிப்பே என்றும், அதனால் அச்சொத்தில் அவளுக்குச் சமபங்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. அடுக்களையில் நடந்ததை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ள இத்தனை காலம் ஆயிற்று.

நம் இல்லத்தில் நிகழ்ந்தது

ஊருக்கு உபதேசம் செய்வோர் தம் வீட்டுக் கதையை மறைத்தல் தகாது. நம் அன்னையார் எழுத்தறிந்தவர் அல்லர். பிடியரிசி விற்ற காசும், பால் விற்ற காசும் அஞ்சறைப் பெட்டியில் மிளகுக்கடியில் வைத்திருப்பார். நாம் உயர்நிலைப் பள்ளியிற் படித்த காலத்தில், நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி தருவதாக விளம்பரம் செய்த ஒரு நிதி நிறுவனத்தில், உறவினர் சொற்கேட்டு அச்சிறுவாட்டை இட்டார். சில மாதம் வட்டி வந்தது. பின்னர் ஒருநாள் கதவு பூட்டிக் கிடந்தது. தமிழ்நாட்டில் அக்காலத்தில் இங்ஙனம் ஏமாந்தோர் பலர். அதன் விளைவாகவே 1997-இல் வைப்பீட்டாளர் நலம் காக்கும் தனிச்சட்டம் இயற்றப்பெற்றது. நம் அன்னையார் அழவில்லை. மறுநாள் அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் இட்டார். நாம் தமிழ் பயின்ற ஆண்டுகளில் கட்டணம் கட்டியது அவ்விரண்டாம் கலயமே.

2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவு, 500 ரூபாய், 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாவென அரசு அறிவித்தது. அடுத்த சில நாட்களில் நாடெங்கும் அரிசிப் பானைகளும் அஞ்சறைப் பெட்டிகளும் திறக்கப்பட்டன. இல்லத்தரசிகள் இரண்டரை இலட்சம் ரூபாய் வரை செலுத்தும் சிறு சேமிப்புக்கு வருமானவரித் துறை கேள்வி எழுப்பாது என்று அரசே கூறவேண்டியிருந்தது. சிறுவாடு என்பதொன்று நாட்டில் உண்டென அரசு அறிந்த நாள் அது எனலாம்.

நம் அன்னையாரும் மூன்றாம் நாள் மாலை ஒரு துணிமுடிச்சை நம்மிடம் தந்தார். 500 ரூபாய்த் தாள்கள் 23. ஆக 11,500 ரூபாய். அவர் பெயரில் வங்கிக் கணக்கில்லை. இருபதாண்டு ஆசிரியப்பணியை நெருங்கிக்கொண்டிருந்த நாம் ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தோமல்லேம். ஆதலின் அத்தொகையை நம் கணக்கில் இட்டோம். அது நம் சம்பளத்தோடு கலந்தது. மின்கட்டணத்திலும் வண்டித் தவணையிலும் எப்போது கரைந்ததென்று நமக்கே தெரியாது.

நான்கு திங்கள் கழித்து, பேத்தியின் சடங்குக்கு ஏதேனும் வாங்கவேண்டுமென்று வந்தவர், "ஏய்யா, என் சிறுவாட்ட எதுல போட்டு வச்சிருக்க?" என்று வினவினார். நாம் வாய்திறவாது நின்றோம். "செலவாயிருச்சோ? சரி, போகுது" என்று சொல்லி உள்ளே சென்றார். நூல் பல கற்ற நமக்கு அன்று விளங்கியது ஒன்றே: நிதி நிறுவனம் செய்ததையே நாமும் செய்தோம். வேறுபாடு, நம் வீட்டுக் கதவு பூட்டப்படவில்லை என்பதுதான்.

அடுத்த கிழமை அஞ்சலகத்தில் அவர் பெயரிற் கணக்குத் தொடங்கி, 11,500 ரூபாயையும் இட்டுக் கணக்கேட்டைக் கையிற் கொடுத்தோம். தம் பெயர் எங்கே எழுதியிருக்கிறதென்று கேட்டு, விரலால் தொட்டுப் பார்த்தார். இன்றும் அது அஞ்சறைப் பெட்டிக்கருகில் இருக்கின்றது.

நாம் செய்யத்தக்கன

சிக்கனம் வேறு, உலோபம் வேறு. உலோபி தானும் உண்ணான், பிறர்க்கும் ஈயான். செட்டுடையவனோ வீணிற் கழியாமற் காத்து, வேண்டுமிடத்துக் கொடுப்பான். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட இராஜபாளையத்துப் பி. எஸ். குமாரசாமி ராஜா அவர்கள், தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலைமன்றத்துக்கு அளித்தார். சேர்த்ததன் முடிவு ஈதலே என்பதற்கு அக்கட்டிடம் நம் கண்முன் நிற்கும் சான்று.

மற்றொன்றும் சொல்லவேண்டும். இல்லத்திற் செட்டு என்ற பெயரால், எல்லாரும் உண்டபின் பானையின் அடியில் இருப்பதைப் பெண் உண்டு பசியாறுதல் சேமிப்பாகாது. அது கடன், அவள் உடம்பினின்று எடுத்த கடன். பிடியரிசி எல்லார் உணவிலும் குறைவது. ஒருத்தி உணவில் மட்டும் குறைவதன்று.

இக்காலத்துச் செலவின் இயல்பும் மாறிவிட்டது. 2016-இல் யு.பி.ஐ. முறை வந்தபின் கைபேசியைக் காட்டிய மாத்திரத்திற் பணம் போகின்றது. போவது கண்ணுக்குத் தெரிவதில்லை. முன்னர் முடிச்சை அவிழ்க்கும் நேரத்தில் மனம் ஒருமுறை எண்ணிப் பார்த்தது. இன்று அவ்விடைநேரமும் இல்லை. ஆகவே நம் அன்பர்கள் வீடுதோறும் மேற்கொள்ளத்தக்க நான்கினைக் கூறி அமைவோம்.

ஒன்று, அன்றாடச் செலவை இரவில் ஒரு குறிப்பேட்டில் எழுதுதல். கைபேசியில் போனதையும் அதிற் சேர்த்தெழுதுதல். இரண்டு, மாத வருவாய் வந்த அன்றே ஒரு பங்கை எடுத்து வைத்து, எஞ்சியதிற் குடும்பம் நடத்துதல். மூன்று, அதிக வட்டி என்னும் சொல்லைக் கேட்டவுடன் அஞ்சுதல். அஞ்சலகத்திலோ, வைப்புக் காப்பீடுடைய வங்கியிலோ அன்றிப் பிறவிடத்தில் இடாதொழிக. காப்பீட்டின் வரம்பு 2020 முதல் ஒரு வங்கியில் ஒருவர்க்கு ஐந்து இலட்சம் ரூபாய் என்பதையும் நினைவிற் கொள்க. தெருச் சீட்டு நம்பிக்கைக்கு நல்லது. பெருந்தொகையாயின் பதிவுபெற்ற சீட்டையே நாடுக. நான்காவது, தலையாயது: வீட்டில் எவர் சேர்த்தாரோ அவர் பெயரிலேயே கணக்கிருத்தல்.

நம் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். ஏழை மாணவர் உதவிநிதிக்குப் பிடியரிசித் திட்டத்தை மீளத் தொடங்கலாம். அரிசியாகத் தர இயலாதோர் அதன் விலையைத் தரலாம். இவ்விதழில் அந்நன்கொடைப் பட்டியல் வெளிவரும்போது, கலயத்தை நிறைத்த பெண்மணியின் பெயரே முதலில் அச்சேறுக. பெண்ணொருத்தியின் பெயரால் வாழும் ஊரில் இதனைச் செய்தற்கு நாம் தயங்குவோமாயின், பிற ஊரார் நம்மைப்பற்றி என்ன நினைப்பர்?

அன்பர்கள் இதனை அடுத்த கூட்டத்தில் ஆய்ந்து ஆவன செய்வார்களாக.